செவ்வாய் பூசியது வியாழன் எரிந்தது: ஒரு முகப்பரு நிகழ்வு ஆய்வு

நோயாளிக்கு வயது 23. அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். மதுரை சிம்மக்கல்லில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறார். அக்கினி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில், துப்பட்டாவால் முகத்தைச் சுற்றிக்கொண்டு, அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். உட்கார்ந்ததும் சொன்னது இது: "முகம் எரியுது டாக்டர். ஆனா நான் கெமிக்கல் எதுவுமே போடல."

அந்த இரண்டாவது வாக்கியத்தைத் தோல் மருத்துவர்கள் எல்லோரும் அடிக்கடி கேட்கிறோம். அதைச் சொல்கிறவர் பொய் சொல்வதில்லை. அவருக்கு எது தெரியுமோ அதைத்தான் சொல்கிறார். இந்தப் பெண்ணின் கதையில் அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பார்க்க எனக்கு இரண்டு சந்திப்பு ஆயிற்று. அதனால்தான் எழுதுகிறேன். அவருடைய ஒப்புதல் இருக்கிறது. ஆள் அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

முன்கதை

பதினாறு வயதில் பரு தொடங்கியது. கல்லூரியில் படிக்கும்போது தோழி ஒருத்தி சொன்ன டியூபைச் சீட்டு இல்லாமலே வாங்கி ஐந்து மாதம் போட்டிருக்கிறார். முதல் மாதம் முகம் கண்ணாடிபோல ஆனதாம். நிறுத்திய பத்தாம் நாள் முகமெல்லாம் சிவந்து, முன்பைவிட அதிகமாகப் பரு. டியூபின் பெயரைக் கேட்டதும் புரிந்துவிட்டது. ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்த ரகம். வெளிப்பூச்சு ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டுக்கு மட்டுமே விற்க வேண்டும் என்று மத்திய அரசு 2018இலேயே அறிவித்துவிட்டது. கடைக்கடைக்கு அது எவ்வளவு தூரம் போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது வேறு பேச்சு.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, "இனிமே கெமிக்கலே வேண்டாம், எல்லாம் இயற்கைதான்" என்று ஒரு வைராக்கியம். அதில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சூடு பட்ட பூனை. ஹார்மோன் கோளாறுக்கு அடையாளம் இல்லை: மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது, தாடையில் முடி இல்லை. மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை. தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அதுதான் அவசரம்.

முகத்தில் பார்த்தது

எல்லோரும் 'பரு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். இவர் முகத்தில் நான்கு வேறு விஷயங்கள் இருந்தன.

நெற்றியில், முடி தொடங்கும் இடத்தை ஒட்டி, கடுகு மாதிரி ஒரே அளவில் பொரிப் பொரியாக. அரிப்பு உண்டு. வியர்த்தால் அதிகம். கரும்புள்ளி ஒன்றுகூட இல்லை. கன்னத்திலும் தாடையிலும் இருந்தது வழக்கமான முகப்பரு: வெண்முனை, கருமுனை, இடையிடையே சிவந்து வலிக்கிற கட்டி. இரண்டு கன்னத்திலும் சேர்த்து எண்ணினேன், 31. மூக்கின் இரண்டு ஓரத்திலும் வாயைச் சுற்றியும் தோல் வறண்டு, சிவந்து, விரலால் தொட்டாலே சுருக்கென்கிறது. தோலின் மேலடுக்கு தேய்ந்து போனதன் அடையாளம் அது.

நான்காவதுதான் என்னை நிறுத்தியது. இடது கன்னத்தில் மட்டும், ஒரு உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்புக் கறுப்பாக ஒரு படலம். வலது கன்னத்தில் அது மங்கலாக இருக்கிறது, இருக்கிறது என்று சொன்னால்தான் தெரியும். இடது பக்கப் படலத்தின் அடியிலிருந்து தாடை விளிம்பைத் தாண்டிக் கழுத்து வரை, ஒரு விரற்கடை அகலத்தில் கறுத்த கோடு. நேராக இறங்கவில்லை. தண்ணீர் வழிந்தால் எப்படி இறங்குமோ அப்படி.

தோல் தானாக நோய்வாய்ப்பட்டால் இப்படிக் கோடு போடாது. எதோ வழிந்திருக்கிறது. அது எது, ஏன் இடது பக்கம்?

நெற்றிப் பொரி ஒன்றைக் கிள்ளி ஸ்லைடில் வைத்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கொத்துக் கொத்தாக ஈஸ்ட் என்ற பூஞ்சை. மலசீசியா என்பது அதன் பெயர். நெற்றிக்கு விடை அன்றைக்கே கிடைத்துவிட்டது. இடது கன்னத்துக்குக் கிடைக்கவில்லை. முகத்தில் படும் பொருள் எதுவானாலும், தலைக்கு வைப்பது உட்பட, ஒன்றுவிடாமல் எடுத்துக்கொண்டு மூன்று நாள் கழித்து வரச் சொன்னேன்.

மஞ்சப்பை

அடுத்த முறை மேசையில் ஒரு மஞ்சப்பை கவிழ்ந்தது. ஒன்பது பொருள். 'எதுவுமே போடல' என்றவரின் பை அது.

வீட்டில் அரைத்த நலுங்கு மாவு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய. நான்கு எலுமிச்சம்பழம். தேன். கொல்லையில் வெட்டிய கற்றாழை, சோற்றை வழித்து டப்பாவில் அடைத்தது. முல்தானி மட்டி. பன்னீர். குங்குமாதி தைலம் என்று எழுதிய சின்னப் புட்டி. டீ ட்ரீ எண்ணெய். செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய்.

சிலவற்றைச் சீக்கிரம் ஒதுக்கிவிடலாம். தேனால் பெரிய நன்மையும் இல்லை, தீமையும் இல்லை, ஒட்டும். முல்தானி மட்டி எண்ணெயை உறிஞ்சும். ஏற்கெனவே வறண்டு எரியும் தோலில் அதைக் காயும்வரை வைத்திருப்பது வெந்த புண்ணில் வேல். பன்னீரில் வாசனைக்காக வேறு ஏதாவது சேர்ந்திருக்கலாம், புட்டியில் உட்பொருள் பட்டியல் இல்லை. பட்டியல் இல்லாததை முகத்துக்கு வாங்காதீர்கள் என்று மட்டும் சொன்னேன்.

கற்றாழை கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. மடலை வெட்டியதும் தோலுக்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். கசப்பு அதில்தான். அதை வடிய விடாமல் சோறோடு சேர்த்துத் தேய்த்தால் மென்மையான தோல் அரிக்கும். இவர் வடிய விடவில்லை. அதோடு, டப்பாவில் அடைத்த கற்றாழைக்கு ஐந்து நாள் வயதாகியிருந்தது. தண்ணீர்ப் பசை உள்ள எதிலும் கிருமி வளரும். கடையில் விற்கும் ஜெல்லில் கெடாமலிருக்கும் பொருள் சேர்ப்பது அதற்குத்தான். 'பதனப்பொருள் இல்லாதது' என்று பெருமையாக அச்சடித்த ஜெல்லைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

டீ ட்ரீ எண்ணெய்க்கு ஆதாரமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1990இல் ஆஸ்திரேலியாவில் 124 பேரிடம் நடந்த ஆய்வில், 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லும், பருவுக்கு வழக்கமாகக் கொடுக்கும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடும் பருவைக் குறைத்தன. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, எரிச்சல் குறைவு. ஆனால் அது 5 சதவீதம். இவர் புட்டியிலிருந்து பஞ்சில் நனைத்து அப்படியே, நூற்றுக்கு நூறாக, பருவின் மேல் ஒற்றியிருக்கிறார். புட்டியைத் திறந்து எட்டு மாதம் ஆகிறது. காற்றுப் பட்டுப் பழசான டீ ட்ரீ எண்ணெய் ஒவ்வாமையை இன்னும் எளிதாகக் கிளப்பும்.

குங்குமாதியில் குங்குமப்பூவை விட அது ஊறும் நல்லெண்ணெய்தான் அளவில் அதிகம். வறண்ட தோலுக்கு யாராவது விரும்பிப் போட்டால் நான் தடுப்பதில்லை. பரு வரும் முகத்தில் ராத்திரி முழுக்க எண்ணெய் நிற்க வேண்டியதில்லை.

தேங்காயெண்ணெய்தான் நெற்றியின் கதை. மலசீசியாவுக்குத் தன் கொழுப்பைத் தானே செய்துகொள்ளத் தெரியாது. நம் தோலில் இருக்கும் கொழுப்பு அமிலங்களைத் தின்றுதான் வாழ்கிறது. தேங்காயெண்ணெயில் இருப்பதும் கொழுப்பு அமிலங்கள்தான், ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலம். தினமும் காலையில் தலைக்கு வைத்து, வகிடு எடுத்து, நெற்றி பளபளக்கப் பின்னி, வெயிலில் வியர்க்க விட்டால் பந்தி போட்ட மாதிரி. 'தேங்காயெண்ணெய் கிருமியைக் கொல்லும்' என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். லாரிக் அமிலம் பரு பாக்டீரியாவை ஆய்வுக்கூடத்தில் அடக்குவது உண்மைதான். நெற்றியில் இருப்பது பாக்டீரியா இல்லையே.

தலையில் வைக்கும் மல்லிகையும் காரணமா என்று அப்பத்தா கேட்டார். இல்லை. மதுரையில் இருந்துகொண்டு அதையும் தடுத்தால் என்னிடம் யார் வருவார்கள்?

நாட்காட்டி

ஆனால் இடது கன்னம்? மேசையில் மிச்சம் நலுங்கு மாவும் எலுமிச்சையும்.

மாவை எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன். தலைக்குக் குளிக்கும் நாள் செவ்வாயும் வெள்ளியும். காலை ஆறரைக்கு மாவில் ஒரு பழம் பிழிந்து குழைத்து, முகத்தில் அப்பி, அரைமணி நேரம் காய விட்டு, பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு எட்டேகால் டவுன் பஸ். குளியலறையில் குனிந்து கழுவும்போது கழுத்து வழியாக வழியும், அதைத் துடைத்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடுவார்.

"எரிச்சல் எந்த நாள் அதிகம்?"

யோசித்தார். "ஞாயித்துக்கிழமை டாக்டர். கறி சாப்பிடறதால இருக்கும். சூடு."

"வேற நாள்?"

"வியாழக்கிழமையும் வரும். அன்னைக்குக் கறி இல்லதான்."

அப்பத்தா உடனே, "ஆமா, வெசாலக் கெழமை புளிக்கொழம்பு" என்றார்.

செவ்வாய் பூசினால் வியாழன். வெள்ளி பூசினால் ஞாயிறு. இரண்டு நாள் இடைவெளி. கறியை விட்டுவிட்டு மாவுப் பாட்டிலைத் திறந்தேன். பயறு வாசனை, வெட்டிவேர், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு. அதோடு மூக்கில் ஏறும் ஒரு கசப்பு வாசனை.

"கார்போகரிசி போட்டிருக்கா?"

"கடைக்காரரு சீட்டுல எழுதிருந்தாரு. அம்பது கிராம்."

கார்போகரிசி ஒரு விதை. வடக்கே பாகுச்சி என்பார்கள். நம் ஊர்க் குளியல் பொடிப் பட்டியல்களில் தலைமுறை தலைமுறையாக உண்டு. அதில் சோரலன் என்ற பொருள் இருக்கிறது. தோலில் சோரலன் இருக்கும்போது வெயிலின் புற ஊதா 'ஏ' கதிர் பட்டால், அந்த இடம் வெந்து, பிறகு கறுக்கும். கறுப்பை வரவழைக்கத்தான் வெண்புள்ளிக்கு இந்த விதையைப் பூசி வெயிலில் நிற்கச் சொல்லும் பழைய வைத்தியம் இருந்தது. சோரலனைக் கொடுத்துப் புற ஊதா 'ஏ' காட்டும் சிகிச்சையை இன்றும் மருத்துவமனைகளில் செய்கிறோம், அளந்து, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி. இந்தப் பெண் அளக்காமல் செய்திருக்கிறார்.

எலுமிச்சைச் சாறும், அதைவிட அதிகமாக அதன் தோலும், சோரலன் சேர்ந்த அதே ஃப்யூரோகூமரின் குடும்பப் பொருள்களைக் கொண்டவை. பழத்தைக் கையில் நசுக்கிப் பிழியும்போது தோலின் எண்ணெயும் சேர்ந்தே வரும். ஆக, ஒரே குடும்பத்து ஆட்கள் இரண்டு வாசல் வழியாகவும் வந்திருக்கிறார்கள். எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல நான் முயலவில்லை. சந்தேகப்படும் பொருளை மறுபடி பூசி வெயிலில் காட்டிச் சோதிக்கலாம்தான். கல்யாணப் பெண்ணிடம் அதைக் கேட்க மனம் வரவில்லை.

எலுமிச்சைக்கு இன்னொரு குற்றமும் உண்டு. நம் தோலின் மேல்பரப்பு லேசான அமிலம், பிஎச் 5 அளவில். எலுமிச்சைச் சாறு 2 அளவில். சாதாரணச் சோப்பு மறுபக்கம், காரம், 9, 10. இவர் அமிலத்தைப் பூசிவிட்டு, அதைச் சோப்பால் கழுவியிருக்கிறார். மூக்கோரத்து எரிச்சல் அங்கிருந்து வந்தது.

இந்த வகை வேகல் உடனே தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதனால்தான் பழி கறிமேல் விழுந்தது. இது ஒவ்வாமையும் இல்லை. ஒவ்வாமை சிலருக்கு வரும், சிலருக்கு வராது. போதுமான பொருளும் போதுமான வெயிலும் சேர்ந்தால் இது யாருக்கும் வரும்.

சரி, ஏன் இடது? அதையும் பஸ்தான் சொன்னது. அலங்காநல்லூர் மதுரைக்கு வடக்கே. காலையில் பஸ் தெற்கு நோக்கி வருகிறது, கிழக்கு வெயில் இடது ஜன்னலில். மாலையில் வடக்கு நோக்கித் திரும்புகிறது, மேற்கு வெயில் மறுபடி இடது ஜன்னலில். பெண்கள் வரிசையும் இடது பக்கம். இவருக்கு ஜன்னலோரம் பிடிக்கும். கூட்டத்தில் துப்பட்டாவைச் சுற்றினால் வியர்க்கும் என்று பஸ்ஸில் கழற்றிவிடுவார். (கார்க்காரர்கள் சந்தோஷப்பட வேண்டாம். சாதாரணக் கண்ணாடி புற ஊதா 'ஏ'யைப் பெருமளவு உள்ளே விடும்.)

அப்பத்தாவின் இரண்டு டப்பா

அப்பத்தாவுக்குக் கோபம். "நாங்க காலங்காலமா தேய்ச்சோம். எங்களுக்கு வராதது இவளுக்கு எப்படி வரும்?"

நியாயமான கேள்வி. நான் பதில் சொல்வதற்கு முன்னால் அவரையே சொல்லச் சொன்னேன், அந்தக் காலத்தில் எப்படித் தேய்ப்பீர்கள் என்று. அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்:

"முகத்துல அப்பிக்கிட்டு ஒக்காந்தா இருந்தோம்? நேரமேது? தேய்ச்சோம், ஊத்துனோம், முடிஞ்சுது. கார்போகரிசி சொறி செரங்குக்கு. அது ஒடம்புக்கு அரைக்கிற பொடி. மொகத்துக்கு வேற டப்பா. வெறும் பாசிப்பயறு, ஆவாரம்பூ, அம்புட்டுதான்."

இரண்டு டப்பா! எனக்கு அதுவரை தெரியாது. தோல் மருத்துவம் படித்த யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. முகத்துக்கு ஒன்று, உடம்புக்கு ஒன்று. தேய்த்ததும் கழுவு. எலுமிச்சை சேர்க்கும் பழக்கமே இல்லை, அது பேத்தி ஒரு வீடியோவில் பார்த்தது. இடையில் ஒரு தலைமுறை அரைப்பதை விட்டுவிட்டது. மறுபடி அரைக்க ஆரம்பித்தபோது, இரண்டு சீட்டும் ஒன்றாகி, நாட்டு மருந்துக்கடையில் ஒரே பொட்டலமாகிவிட்டது. பொருள் அதேதான். அது தோலில் நிற்கும் நேரம் அரை நிமிஷத்திலிருந்து அரைமணி நேரமாகியிருக்கிறது.

ஒரு பொருளை முகத்துக்குத் தேர்ந்தெடுக்கும்போது இயற்கையா செயற்கையா என்று நான் கேட்பதில்லை. கழுவிப் போவதா, தங்குவதா என்று கேட்கிறேன். உடனே கழுவும் பொருளுக்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம். மணிக்கணக்கில் தங்கும் பொருளில் வாசனை, எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு, புதினா எதுவும் வேண்டாம். உணர்ச்சி மிகுந்த தோலுக்கு லவங்கம் மணக்கும் இயற்கை க்ரீமை விட மணமே இல்லாத ஆலை க்ரீம் மேல்.

இதே கார்போகரிசியிலிருந்து எடுக்கும் பாகுச்சியால் என்ற பொருள் இன்று விலையுயர்ந்த சீரங்களில் வருகிறது. 2019இல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 44 பேர் 12 வாரம் போட்டுப் பார்த்தார்கள். 0.5 சதவீத பாகுச்சியால் சுருக்கத்தையும் கருமையையும் குறைப்பதில், அதற்கென்றே பலர் பூசும் ரெட்டினாலுக்கு இணையாக நின்றது, எரிச்சல் குறைவு. அது சோரலனிலிருந்து பிரித்துச் சுத்தம் செய்தது. விதையை இடித்துப் பூசினால் அதே பலன் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். பாலாடையைப் பிரித்தெடுப்பதும் பசுவையே தூக்கிப் பாத்திரத்தில் போடுவதும் ஒன்றாகுமா?

நிறுத்தியது, தொடங்கியது

முதல் இரண்டு வாரம் முகத்துக்கு விரதம். ஒன்பது பொருளும் பைக்குள் போயின.

கழுவுவதற்கு மணமில்லாத மென்மையான கிளென்சர் எழுத நினைத்தேன். அவர் முகம் சுருங்கியது. ஒரு சமரசம்: பாசிப்பயறு மட்டும், வேறெதுவும் இல்லாமல். மிக்ஸியில் அரைத்தால் நொய் நிற்கும், அது பருவைக் கீறும். மெல்லிய மல் துணியில் சலிக்க வேண்டும். சித்த மருத்துவத்தில் வஸ்திரகாயம் என்பார்களே, அது. அப்பத்தாவுக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது, என்மேல் முதல்முறையாக மதிப்பு வந்தது. அன்றைக்குத் தேவையான ஒரு ஸ்பூனை மட்டும் தண்ணீரில் குழைத்து, அரை நிமிஷம், கழுவிவிட வேண்டும். குழைத்த மிச்சத்தை நாளைக்கு வைக்கக் கூடாது.

ஈரப்பசைக்குக் கிளிசரின் உள்ள, எண்ணெய் குறைந்த, மணமில்லாத க்ரீம். "இது கெமிக்கல்தான?" கிளிசரின் எங்கிருந்து வருகிறது என்று சொன்னேன்: தேங்காயெண்ணெய் போன்ற தாவர எண்ணெயைச் சோப்பாக்கும்போது பிரிந்து வருவது. நெற்றியைக் கெடுத்த அதே தேங்காயின் இன்னொரு பிள்ளை. சிரித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

நெற்றிக்கு, பூஞ்சையை அடக்கும் 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூ நுரையை வாரம் மூன்று நாள், ஐந்து நிமிஷம் வைத்துக் கழுவச் சொன்னேன். வேப்பிலை போதாதா என்றார். போதாது என்றேன். இதில் சமரசம் பேச எனக்கு விருப்பமில்லை. தலைக்கு எண்ணெயை விடச் சொன்னால் வீட்டில் சண்டை வரும், அதனால் குளிப்பதற்கு ஒருமணி நேரம் முன்பு மட்டும், முன்னெற்றியில் இரண்டு விரல் இடம் விட்டு வைக்கச் சொன்னேன்.

வெயிலுக்கு ஜிங்க் ஆக்சைடு சன்ஸ்க்ரீன். நம் நிறத்தில் அது சாம்பல் பூசிய மாதிரி தெரியும். இரும்பு ஆக்சைடு சேர்த்த நிறமுள்ள வகையை எடுத்தால் அந்தக் குறையும் தீரும், கருமையை வளர்க்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது ஓரளவு தடுக்கும். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்குப் போதும். பொட்டு மாதிரி தொட்டு வைப்பது காசுக்குக் கேடு.

பருவுக்கும் கருமைக்கும் சேர்த்து அசெலாயிக் அமிலம். பருவுக்கு வழக்கமாக எழுதும் அடபலீன் என்ற பூச்சை எழுதாததற்குக் காரணம் தேய்ந்த தோல் மட்டுமில்லை. தையில் கல்யாணம், கருவுற்றால் நிறுத்த வேண்டிய மருந்தை இப்போதே பழக்குவானேன்? அசெலாயிக்குக்கு அந்தத் தடை இல்லை. கோதுமையிலும் பார்லியிலும் இயற்கையாகவே இருக்கும் அமிலம் அது என்றதும் அவர் முகம் மலர்ந்தது. டியூபில் இருப்பது கோதுமையிலிருந்து பிழிந்ததில்லை, ஆலையில் வேறு கொழுப்பு அமிலத்தை உடைத்துச் செய்தது என்பதையும் அதே மூச்சில் சொன்னேன். மறைத்து விற்பதற்குக் கடைகள் இருக்கின்றன.

என் தவறு

இரண்டாம் வாரம் எரிச்சல் அடங்கியிருந்தது. மூக்கோரச் சிவப்பு போயிருந்தது. முன்னேற்றம் கண்ட உற்சாகத்தில் அசெலாயிக் 20 சதவீதம், தினமும் இரவு என்று எழுதிவிட்டேன். கல்யாணத் தேதி என்னையும் அவசரப்படுத்தியிருக்க வேண்டும். நான்காம் நாள் முகம் தீயாக எரிந்திருக்கிறது. எனக்குப் போன் செய்யவில்லை. எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பத்து நாள் தண்ணீர் மட்டும் விட்டுக் கழுவியிருக்கிறார். "பழைய டியூப் மாதிரி ஆயிடுமோன்னு பயந்துட்டேன்."

ஸ்டீராய்டால் ஒருமுறை அடிபட்ட தோல், ஒன்பது பொருளால் தேய்ந்த தோல். அதில் எந்தப் புதுப் பொருளும் முதலில் முழங்கையின் உள்மடிப்பில் காலை மாலை ஏழு நாள், பிறகு தாடைக்கு அடியில் நான்கு நாள், பிறகுதான் முகம். ஒன்று நிலைத்து இரண்டு வாரம் ஆன பிறகே அடுத்தது. இதை நான் தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறேன். மருத்துவர் எழுதும் மருந்துக்கும் அது பொருந்தும் என்பதை நானே மறந்தேன்.

மறுபடி தொடங்கினோம். 10 சதவீதம், முழங்கைச் சோதனைக்குப் பிறகு, க்ரீம் பூசி அதன்மேல், ஒருநாள் விட்டு ஒருநாள். அதற்கு மூன்று வாரம் கழித்துத்தான் தினமும்.

பன்னிரண்டாவது வாரமும் பிறகும்

நெற்றி ஆறாவது வாரமே தெளிந்துவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் தலை நிறைய எண்ணெய் வைத்துப் பின்னிவிட்டார்கள், பொரி திரும்ப வந்தது, ஷாம்பூவுக்கு அடங்கியது. அதற்குப் பிறகு எண்ணெய் விஷயத்தில் அவர் என்னை விடக் கறார்.

கன்னத்துப் பரு பன்னிரண்டாவது வாரம் 31இலிருந்து 9. எட்டு வாரம் வரை பெரிய மாற்றம் தெரியவில்லை, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பரு முளைவிட்டு வெளியே தெரிய வாரக்கணக்கில் ஆகும். இன்று தொடங்கும் மருந்து ஏற்கெனவே உள்ளே கிளம்பிவிட்டதைத் தடுக்காது. 'பத்து நாளில் பரு மறையும்' என்று அட்டையில் பார்த்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்குமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

வியாழன் எரிச்சலும் ஞாயிறு எரிச்சலும் மாவை நிறுத்திய இரண்டாவது வாரத்திலிருந்து இல்லை. கறி நிற்கவில்லை.

இடது கன்னத்துக் கறுப்பு மட்டும் பிடிவாதம். கழுத்துக் கோடு ஐந்தாம் மாதம் மறைந்தது. கன்னம் ஏழாம் மாதத்திலும் உற்றுப் பார்த்தால் தெரிகிறது. நம் தோலில் இந்தக் கருமை ஆழமாக இறங்கினால் ஒரு வருஷம்கூட எடுக்கும். இப்போது டிரைவர் பக்கம் உட்காருகிறாராம். "ஆம்பளைங்க பக்கம் ஏம்மா ஒக்கார்ற" என்று கண்டக்டர் கேட்டாராம். டாக்டர் சொன்னாங்க என்றதும் அவருக்கு ஒன்றும் புரியவில்லையாம்.

கார்த்திகையில் இருவரும் வந்தார்கள். நலுங்கு வைக்கும்போது சொந்தக்காரர்கள் முகத்தில் என்ன பூசுவார்களோ என்று பெண்ணுக்குக் கவலை. அப்பத்தா பையிலிருந்து இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார். பேத்தியின் கையெழுத்தில் ஒன்றில் 'முகம்', இன்னொன்றில் 'உடம்பு'. உடம்புப் பொடியிலும் கார்போகரிசி இல்லை, "எதுக்கு வம்பு" என்று விட்டுவிட்டாராம். எனக்கென்று 'முகம்' பொடி ஒரு சின்ன டப்பாவில் தனியாக. "நீங்களும் தேய்ச்சுப் பாருங்க, மொகம் வாடிப் போயிருக்கு."

என் முழங்கை மடிப்பில் இன்று நான்காவது நாள்.